எச்சரிக்கையோடு அணுக வேண்டிய கடிதங்கள்

மெல்பேர்னில் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பதினொரு வருடத்துக்கு முன், 1998இல், நான் எழுதிய ஒரு கட்டுரையை எங்கேயோ தேடிப் பிடித்து வாசித்திருக்கிறாள். அதிலிருந்து ஒரு வசனத்தைத் தன் ஆய்வில் எடுத்தாளலாமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். எந்த வசனம் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது பக்கக் கட்டுரையில் எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒன்றுதான். அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னால் அது மின்னஞ்சலுக்குள் அடங்காது.

நான் சிட்னிக்கு வந்தது 1987இல். கணவருக்கு வேலை கிடைத்ததால் கூடவே வந்தவள். ஊரில் சரித்திரம் படிப்பித்தவளுக்கு இங்கே பரமட்டாவில் ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை கிடைத்தது. ஏழு வருடம் அடுக்கினேன். பிறகு எனக்கு ஒரு வீறாப்பு வந்தது. 1994இல் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாக முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தேன். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு என் வயதில் பாதி. அவர்கள் முன்னால் நான் எதற்கும் குறைந்தவள் இல்லை என்று காட்டியே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இந்தக் கதையில் நடந்த அவ்வளவுக்கும் அந்த வெறிதான் காரணம்.

என் ஆய்வு, 1983க்குப் பிறகு இங்கே தஞ்சம் கேட்டு வந்த தமிழரைப் பற்றி அரசாங்க ஆவணங்கள் என்ன சொல்கின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. வழிகாட்டிய பேராசிரியர் நல்ல மனிதர். குரல் உயர்த்தமாட்டார், ஒரு வசனத்தை வெட்டுவதற்கு முன் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்பார். எந்த ஆவணத்தை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் ஒரு சிறிய அட்டையில் அச்சடித்துத் தந்திருந்தார். யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எழுதியவருக்கு அதை நேரில் தெரியுமா, வேறு எங்கிருந்தாவது அதை உறுதி செய்ய முடியுமா. அந்த அட்டையை நான் பணப்பையில் கணவரின் படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அறிக்கைகளும் பெயர் நீக்கிய தீர்ப்புகளும் நூலகத்தில் கிடைத்தன. ஆனால் அந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் என்ன கடதாசிகள் கிடந்தன என்று பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். பரமட்டாவில் தஞ்சம் கேட்டவர்களுக்கு இலவசமாக உதவி செய்யும் ஒரு வழக்கறிஞர் இருந்தார். வந்தவர்கள் ஒப்புதல் எழுதித் தந்தால் அவர்களின் கோப்பைப் பார்க்கலாம் என்றார். யார் தருவார்கள்? கையெழுத்து வைத்துத்தான் ஊரில் பலருடைய வாழ்க்கை நாசமானது. கையெழுத்து என்றதும் எழுந்து போனவர்கள்தான் கூட.

முதலில் ஒப்புக்கொண்டவர் பிளாக்டவுனில் இருந்த ஒரு தம்பி. முப்பது வயது இருக்கும். ரயில் பெட்டி கழுவும் வேலை. நான்கு பேரோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தார். மனைவியும் மூன்று வயது மகளும் இடம்பெயர்ந்து வவுனியாவில். இங்கே அவருடைய வழக்கு சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அந்த ஒன்றைத் தவிர அந்த மனிதனுக்கு வேறு யோசனை இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒப்புதல் படிவத்தை வாசிக்கவும் இல்லை.

"நீங்கள் எங்கட ஆள்தானே அக்கா. எழுதுங்கோ. எங்களைப் பற்றி ஆராவது எழுதத்தானே வேணும்."

அவர் கையெழுத்து வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். அப்படித்தான் எனக்கு ஒரு பெட்டி நிறையக் கடதாசி கிடைத்தது. கிராம சேவகர் தந்த கடிதங்கள், கோயில் தர்மகர்த்தா தந்தவை, பங்குத்தந்தை தந்தவை, எல்லாவற்றையும்விடக் கூடுதலாக, ஊரில் சான்றுக் கையெழுத்து வைக்க அரசாங்கம் நியமித்த சமாதான நீதவான்கள் தந்தவை. 'இன்னாரை எனக்குச் சிறுவயது முதல் நேரில் தெரியும். இவர் நன்னடத்தை உள்ளவர். இவருடைய உயிருக்கு ஆபத்து உண்டென்பதை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உறுதி செய்கிறேன்.' கீழே கையெழுத்து, வட்ட முத்திரை. இரண்டாவது கடிதமும் இதே சொற்கள். பத்தாவதும் இதே சொற்கள். பருத்தித்துறைக் கடிதத்துக்கும் மானிப்பாய்க் கடிதத்துக்கும் பெயரும் திகதியும்தான் வித்தியாசம்.

பல்கலைக்கழக வாசிகசாலையில் இருந்துகொண்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்த வசனங்கள் எனக்கு மனப்பாடம். என் அப்பா ஒரு சமாதான நீதவான்.

அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குக் கடிதம் கேட்டு ஆட்கள் வருவார்கள். அப்பாவின் மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த மாதிரித் தாள் ஒன்று இருக்கும். அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கச்சேரியடியில், அரசாங்க அலுவலக வாசலில், தட்டச்சு செய்து கொடுப்பவர்களிடமும் அதே தாள்தான் இருந்தது. வந்தவரின் பெயரைச் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். ஆளுக்கு ஒரு புதுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க அவர் என்ன காதல் கடிதமா எழுதினார்? ஆனால் கையெழுத்து வைப்பதற்கு முன் அவர் கேட்கும் கேள்விகள் இருக்கின்றனவே, அவை ஆளுக்கு ஆள் வேறு. தகப்பன் யார், எந்த ஒழுங்கை, எந்தப் பள்ளிக்கூடம், ஆமி வந்தது எந்தக் கிழமை, அப்போது நீ எங்கே நின்றாய். தெரியாத ஆள் என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார். திருப்தி இல்லாவிட்டால் பேனையைத் தொடமாட்டார். திட்டிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். கடிதத்தின் வசனம் சும்மா ஒரு சட்டை. விசாரணை முழுவதும் அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது.

இதை அப்படியே ஆறு வரியில் எழுதினேன். கடிதங்கள் ஒரே மாதிரி இருப்பது அவை பொய் என்பதற்கு அடையாளம் அல்ல, அங்கே கடிதம் எழுதும் முறையே அதுதான் என்று எழுதினேன். என் ஆய்வில் நான் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் அது ஒன்றுதான் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

பேராசிரியர் அந்த ஆறு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். இது சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். நான் பார்த்திருக்கிறேன் என்றேன். நீங்கள் பார்த்தது நினைவு, ஆவணம் அல்ல என்றார். உங்கள் தகப்பனாரிடமிருந்து எழுத்தில் ஏதாவது வாங்க முடியுமா என்று கேட்டார். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது என்று சொன்னேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கதிரையிலிருந்து எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். பிறகு, அப்படியென்றால் இதை விட்டுவிடுவது நல்லது, மன்னிக்கவும் என்றார்.

நானும் சும்மா விடவில்லை. அடுத்த மாதம் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு போனேன். அவற்றிலும் பந்தி பந்தியாக ஒரே வசனங்கள்தான். ஒருவரின் மறுப்பிலிருந்து வெட்டி அடுத்தவரின் மறுப்பில் ஒட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரின் தீர்ப்பில் வேறு ஏதோ ஒரு நாட்டு நகரத்தின் பெயர் நடுவில் துருத்திக்கொண்டு நின்றது. ஒட்டியவர் மாற்ற மறந்துவிட்டார். எங்கள் கடிதங்கள் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம், உங்கள் தீர்ப்புகள் ஒரே மாதிரி இருந்தால் என்ன என்று கேட்டேன். உங்கள், எங்கள் என்று என் வாயில் வந்ததை அவர் கவனித்தார். அது நிர்வாக வழக்கம் என்றார். பிறகு மெதுவாக, நீங்கள் ஒரு தமிழர் என்பதால் இதில் சாய்வு இருப்பதாக வாசிப்பவர்கள் நினைக்கக்கூடும், கவனமாக இருங்கள் என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. சாய்வு. அதற்கு நான் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை. வெள்ளைக்கார மாணவி ஒருத்தி தன் பாட்டனின் போர்க்காலக் கடிதங்களை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தாள்; அவளை யாரும் சாய்வு என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. நான்தான் நடுநிலை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு எங்கள் ஆட்களிலே ஒரு கண்டிப்பைக் காட்டினால் போதும் என்று எனக்குப் பட்டது. இந்த மாதிரிப் புத்தி படித்த தமிழருக்கு மட்டும்தான் வரும். ஆறு வரியையும் வெட்டினேன். அந்த இடத்தில் இதை எழுதினேன்: 'ஒரே சொற்களில் அமைந்த இக்கடிதங்களைத் தனித்தனிச் சாட்சியங்களாகக் கொள்ள முடியாது, ஆய்வாளர் இவற்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.'

பேராசிரியர் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அந்தப் பக்கத்தை மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். இன்று சொல்ல நாக்கூசுகிறது. வெட்டிய ஆறு வரிகளின் தாளை எறிய மனம் வரவில்லை. குசினி மேசை லாச்சிக்குள், மின்சாரக் கட்டணத் தாள்களோடு போட்டு வைத்தேன்.

பட்டம் கிடைத்தது. அந்த அத்தியாயம் சுருக்கமாக ஓர் ஆய்விதழில் வந்தது. பிளாக்டவுன் தம்பிக்கு ஒரு பிரதி கொடுத்தேன். முதல் பக்கத்தில் 'உங்கள் நம்பிக்கைக்கு நன்றி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் இல்லை. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கினார். வீட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம்.

2000ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பழுப்பு உறை. மேன்முறையீட்டின் முடிவு.

"இல்லையெண்டு போட்டுட்டாங்கள் அக்கா. வக்கீல் சுருக்கமாச் சொன்னவர்தான். முழுக்க என்ன எழுதியிருக்கெண்டு நீங்கள் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவியளோ?"

குசினி மேசையில் இருந்து வாசித்தேன். அவர் எதிரே இருந்தார். ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், பிடிபட்ட நாள். ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்காகக் கொடுக்கப்பட்ட சமாதான நீதவானின் கடிதம் என்ற இடத்துக்கு வந்தேன். அதற்கு அதிகாரி மிகக் குறைந்த மதிப்பே கொடுப்பதாக இருந்தது. காரணம் அடுத்த வரியில். இப்படியான கடிதங்கள் ஒரே சொற்களில் அமைந்தவை என்றும் எச்சரிக்கையோடு அணுக வேண்டியவை என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அடைப்புக்குள் என் பெயர், ஆண்டு, பக்க எண். அதோடு நிற்கவில்லை. இந்த ஆய்வாளரே தமிழ்ப் பின்னணியைச் சேர்ந்தவர் போல் தெரிவதால் இக்கூற்றுக்குக் கூடுதல் மதிப்பு அளிக்கலாம் என்றும் எழுதியிருந்தது.

என் அப்பா கையெழுத்து வைத்ததை நான் கண்ணால் பார்த்தது ஆதாரம் இல்லை. என் பெயர் தமிழ்ப் பெயராக இருந்தது மட்டும் ஆதாரம். அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக ஒன்றும் யோசிக்கவில்லை. நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"அதிலை கனக்க எழுதியிருக்கு. என்னவாம் அக்கா?"

"அது சட்ட விஷயம் தம்பி. எல்லாருக்கும் போடுறதுதான்."

"எல்லாருக்கும் போடுறதோ?"

"ஓம். ஒரே மாதிரி."

நான் அடுத்த பந்தியை வாசித்தேன். ஆவணங்களை எப்படி வாசிப்பது என்று வருடக்கணக்காகப் படித்தவள், ஒரு மனிதனுடைய தலைவிதி எழுதிய கடதாசியில் ஒரு பக்கத்தை விழுங்கிவிட்டு, தேத்தண்ணி போடவா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு மிஞ்சியிருந்தது அமைச்சருக்கு ஒரு மனுப் போடுவதுதான். தெரிந்தவர்களின் ஆதரவுக் கடிதங்கள் இருந்தால் நல்லது என்று வழக்கறிஞர் சொன்னாராம். எனக்கும் ஒன்று எழுதித் தாருங்கோ அக்கா என்று தம்பி கேட்டார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். அவருடைய மகளுக்கு அப்போது ஏழு வயதுக்கு மேல் ஆகியிருந்தது. ரயில் பெட்டி கழுவும் மனிதன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டையில் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார் என்று எழுதினேன், வெட்டினேன். அது ஆதாரம் ஆகாது. கடைசியில் என் கையிலிருந்து வந்தது இதுதான்: 'இவரை எனக்கு நான்கு வருடமாக நேரில் தெரியும். இவர் நன்னடத்தை உள்ளவர். என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை.' பட்டத்தையும் பெயருக்குப் பின்னால் போட்டேன். அப்பாவிடம் முத்திரையாவது இருந்தது.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. எல்லா விடயங்களும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன, தலையிடுவதற்குப் போதிய காரணம் காணப்படவில்லை என்று இரண்டே பந்தி. என் பெட்டியில் அதே இரண்டு பந்தியில் இன்னும் பல கடிதங்கள் இருந்தன. அவற்றை யாரும் எச்சரிக்கையோடு அணுகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆய்விதழுக்கு நான் எழுதிப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். எழுதினேன். என் கட்டுரையில் ஒரு விளக்கம் விடுபட்டுவிட்டது, ஒரு குறிப்புச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். புதிய ஆதாரம் இருந்தால் அனுப்பிவைக்கும்படி பதில் வந்தது. எனக்கு ஆத்திரத்தில் சிரிப்புத்தான் வந்தது. கணவர், எல்லாவற்றையும் தலையில் போட்டுக் குழம்பாதே, உன் கட்டுரை இல்லாவிட்டாலும் மறுத்துத்தான் இருப்பார்கள் என்றார். இருக்கலாம். அதையும் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

2001இல், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, தம்பி சொல்லிக்கொண்டு போக வந்தார். பிடித்து அனுப்பும் வரை காத்திருக்காமல் தானாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து என் கட்டுரையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை வைச்சிருங்கோ அக்கா. கொண்டு போனா அங்கை எயார்போட்டிலை பிரச்சினை."

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்ததால் பக்கங்களைப் புரட்டினேன். அந்த வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. மட்டம் வைத்து நேராகப் போட்ட கோடு.

"இது ஆர் போட்டது?"

"வக்கீல்தான். தீர்ப்பு வந்த அண்டைக்கு எடுத்துக் காட்டினவர்."

"அப்ப, என்னட்டைக் கொண்டு வர முதலே..."

"ஓம். தெரியும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

"நீங்கள் அதை வாசிப்பியள் எண்டு நினைச்சனான் அக்கா. வாசிச்சிருந்தா ஏன் அப்பிடி எழுதினனீங்கள் எண்டு கேட்டிருப்பன். அண்டைக்கு அதைக் கேக்கத்தான் வந்தனான்."

அவர் எதிர்க் கதிரையில், அன்று இருந்த அதே கதிரையில், காத்துக்கொண்டிருந்தார். பதில் இருந்தது. ஆறே ஆறு வரி. என் முழங்காலுக்கு மேலே, கையை நீட்டினால் எட்டக்கூடிய லாச்சிக்குள் இருந்தது. அப்பா, மாதிரித் தாள், சனிக்கிழமை, அவர் கேட்ட கேள்விகள், எல்லாம் என் கையெழுத்தில். எல்லாம் தெரிந்துகொண்டேதான் அந்த வரிகளை வெட்டினேன் என்பதற்கும் அந்தத் தாளைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. அதனால்தான் லாச்சியை நான் திறக்கவில்லை. பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளி, சாப்பிடுங்கோ தம்பி என்றேன்.